பெருந்தொற்றும் ஒப்புரவும்: மார்சிலிங்கிலிருந்து ஒரு நோக்கு

திருக்குறளின் 22ஆம் அதிகாரம் 'ஒப்புரவறிதல்' என்பதாகும். நோய்க்காலத்தில் நாடுகள் தமக்குள் மேற்கொள்ள வேண்டிய நேரிய பகிர்வைச் சுட்ட, 'சமத்துவம்' என்பதினும் 'ஒப்புரவு' என்னும் சொல்லே பொருந்துமெனக் கருதுகிறோம். எல்லார்க்கும் ஒரே அளவில் அளிப்பது சமத்துவம். தேவையறிந்து அளிப்பது ஒப்புரவு.

சிங்கப்பூரின் வடகோடியிலுள்ள மார்சிலிங்கையடுத்து உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியும் ஜொகூர்க் கடற்பாலமும் உள்ளன. கொவிட்-19 பரவலையொட்டி மலேசியா 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையை நடைமுறைப்படுத்தியதும், நாள்தோறும் பாலங்கடந்து வேலைக்கு வந்தோரின் போக்குவரத்து நின்றது. சரக்குந்துகள் மட்டும் தொடர்ந்து ஓடின. ஆகஸ்டு 17 முதல் இரு அரசுகளும் செய்துகொண்ட ஏற்பாட்டின்படியும், மூன்று மாதம் பணியாற்றிய பின்னரே அவர்கள் இல்லம் திரும்ப இயன்றது. தடுப்பூசி போட்டுக்கொண்டோர்க்கு எல்லை முழுமையாகத் திறக்கப்பட்டது 2022 ஏப்ரல் 1இல்தான்.

வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதிகளின் நிலை இதனினும் கூர்ந்து நோக்கத்தக்கது. 2020 டிசம்பரில் அரசு வெளியிட்ட விவரப்படி, விடுதிவாழ் ஊழியருள் 47 விழுக்காட்டினர் தொற்றுக்குள்ளாகியிருந்தனர். சிகிச்சையும் பின்னர் தடுப்பூசியும் அவர்களுக்குக் கட்டணமின்றி வழங்கப்பட்டமையை மறத்தலாகாது. ஆயினும் நாளறிக்கைகள் 'சமூகம்' என ஒரு கணக்கையும் 'தங்குவிடுதி' எனப் பிறிதொரு கணக்கையும் தந்தன. தொற்றின் தடமறிய அப்பகுப்பு உதவியிருக்கலாம். சொற்பொருள் கற்பிக்கும் நமக்கோ, விடுதியில் வாழ்வோர் சமூகத்திற்குப் புறத்தவரா என்னும் வினா எழுகிறது. ஓர் அறையைப் பலர் பகிர்ந்துறையும் இடத்தில் 'இடைவெளி பேணுக' என்பது சமத்துவமான விதியே, ஒப்புரவான விதியன்று.

நாடுகளுக்கிடையேயும் இச்சிக்கலே நேர்ந்தது. தடுப்பூசிப் பகிர்வுக்கான கோவேக்ஸ் திட்டத்தின் ஆதரவு நாடுகள் குழுவிற்குச் சிங்கப்பூர், சுவிட்சர்லாந்துடன் இணைத்தலைமை ஏற்றது. 2021இல் தன் பங்கையும் பிற நாடுகளுக்கு விட்டுக்கொடுத்தது. எனினும் அத்திட்டம் பெரிதும் நம்பியிருந்த இந்தியத் தடுப்பூசி ஏற்றுமதி, அந்நாட்டின் இரண்டாம் அலையால் 2021 மார்ச் முதல் தடைப்பட்டது. அவ்வாண்டு முடிவிற்குள் 200 கோடி ஊசிகள் என்பது இலக்கு. 100 கோடியை எட்டியதே 2022 ஜனவரியில்தான். தன் மக்கள் மடிகையில் ஒரு நாடு ஏற்றுமதியை நிறுத்தியதைக் குறைகூறுவதைவிட, ஒரே நாட்டின் ஆலைகளை இவ்வளவு நம்பியதையே குறையெனக் கொள்கிறோம்.

2025 மே 20இல் உலக சுகாதாரப் பேரவை பெருந்தொற்று உடன்படிக்கையை ஏற்றது. பங்கேற்கும் உற்பத்தியாளர்கள் பெருந்தொற்று நெருக்கடியின்போது தடுப்பூசி முதலியவற்றுள் 20 விழுக்காட்டை உலக சுகாதார நிறுவனத்திற்கு ஒதுக்குதல், உற்பத்தியில் 10 விழுக்காடேனும் நன்கொடையாக அளித்தல் என்பன அதன் உள்ளீடுகள்; தேவையும் ஆபத்தும் நோக்கியே அவை பங்கிடப்படும். எல்லைகளை மூடவோ திறக்கவோ ஆணையிடும் அதிகாரத்தை அவ்வுடன்படிக்கை அந்நிறுவனத்திற்கு வழங்கவில்லை. கடற்பாலத்தில் யாரை, எந்நிபந்தனையில் விடுவது என்பது சிங்கப்பூரும் மலேசியாவும் தம்முள் பேசித் தீர்க்கவேண்டியதாகவே உள்ளது.