மூக்குக்கு எட்டாத வாயு

போன வாரம் வேதியியல் லேப்பில் சார் கடுகளவு சோடியத்தைத் தண்ணீரில் போட்டாரே, ஞாபகம் இருக்கா? 'சுர்ர்'னு ஓடி 'பட்'டுனு தீப்பிடித்தது. (பின்னாடி ஓடினது யாருன்னு சொல்ல மாட்டேன்!) அப்போது வந்த வாயுதான் ஹைட்ரஜன்.

2019 வரை நம்ம மாவட்டத்தில் இருந்த கல்பாக்கத்தில், இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் சோதனை ஈனுலை 1985-ல் இயங்க ஆரம்பித்தது. அதில் வெப்பத்தைச் சுமந்து போவதே உருகிய சோடியம்தான். நீராவி உண்டாகும் இடத்தில் ஒரு பக்கம் சோடியம், மறுபக்கம் தண்ணீர், நடுவில் எஃகுக் குழாயின் சுவர் மட்டும்! அதில் ஊசிமுனை ஓட்டை விழுந்தாலும் நம்ம லேப் கதைதான், பல மடங்கு பெரிசாக. ஓட்டை சின்னதா இருக்கும்போதே தெரியணும்னா ஹைட்ரஜனைப் பிடிக்கணும். அதற்கோ நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

சோடியத்துக்கு மேலே ஆர்கான் வாயு நிரம்பியிருக்கும். அதில் பத்து லட்சத்தில் சில பங்கு ஹைட்ரஜன் கலந்தாலும் காட்டிக்கொடுக்கும் உணரியை அங்கே உருவாக்கினார்கள். அதன் உயிர், வெள்ளீய ஆக்சைடு மென்படலம். (பாத்திரத்துக்கு ஈயம் பூசுறாங்களே, அதே வெள்ளீயம்.)

சரிகையில் வெள்ளி மேல் தங்கம் எவ்வளவு மெலிசா இருக்கும்! இந்தப் படலமும் அப்படித்தான். தலைமுடித் தடிமனில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. ஏன் இவ்வளவு மெலிசு? வாயு தொடுவது மேற்பரப்பை மட்டும்தான். தடிமனா இருந்தா அடியில் இருப்பதற்குச் சேதியே போகாது. சூடான படலத்தின் மேல் ஒட்டிய ஆக்சிஜன், எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்திருக்கும். ஹைட்ரஜன் வந்து அந்த ஆக்சிஜனோடு சேர்ந்து நீராவியானதும் எலக்ட்ரான்கள் விடுதலை! மின்தடை குறையும், மணி அடிக்கும்.

கல்பாக்கத்தில் லேசரால் ஆக்சைடு வில்லையைத் தாக்கி, கிளம்பும் ஆவியைத் தகட்டில் படிய வைத்தார்கள். கல்லூரி லேப்களில் இன்னொரு சிக்கனமான வழி உண்டு. வெள்ளீயக் குளோரைடு கரைசலை, சுமார் 400 டிகிரி சூட்டில் இருக்கும் கண்ணாடி மேல் சென்ட் அடிக்கிற மாதிரி தெளிப்பார்கள். தோசைக்கல் பதம்தான் இங்கேயும்! சூடு போதலைன்னா ஆக்சைடு சரியா உருவாகாது. அதிகமானா துளி கண்ணாடியைத் தொடுமுன்னே காய்ந்து, பொடிதான் விழும்.

இதே சரக்கை வைத்து 1962-லேயே வாயுக்கசிவு உணரிக்குக் காப்புரிமை கேட்டவர் ஜப்பானின் நவோயோஷி தகுச்சி. ஒரு குறை, இதற்கு ஆள் அடையாளம் தெரியாது. சாராய ஆவிக்கும் மணி அடிச்சிடும்!

வீட்டுக்கு கேஸ் அலாரம் வாங்கினால் தரையோரமா மாட்டச் சொல்லுங்க. சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், கீழேதான் தேங்கும்.

— 11-ஆம் வகுப்பு, 'அ' பிரிவு