எரித்தும் எருவாகும் சாணம்

மாட்டுத் தொழுவத்தில் விழுகிற சாணத்தின்மேல் அடுப்பும் வயலும் நெடுங்காலமாகவே பாத்தியதை கொண்டாடி வந்திருக்கின்றன. வறட்டியாகத் தட்டிக் காயவைத்து எரித்தால், பயிருக்கு வேண்டிய தழைச்சத்து புகையோடு போய்ச் சாம்பல்தான் மிஞ்சுகிறது. எருக்குழிக்கு அனுப்பினாலோ வயல் செழிக்கிறது, ஆனால் வீட்டுப் பெண்கள் விறகுக்கு அலைய நேரிடுகிறது. இந்த வழக்கில் இரு கட்சிக்கும் முழு டிக்ரி கொடுக்கக்கூடிய உபாயம் ஒன்று உண்டென்றால், அது சாண எரிவாயுக் கலன்தான்.

இதன் சூட்சுமம் மாட்டின் வயிற்றிலேயே இருக்கிறது. காற்றுப் புகாத அந்த இரைப்பையில், வைக்கோலையும் புல்லையும் சிதைக்கும் நுண்ணுயிர்களோடு, மீத்தேன் என்னும் எரியும் வாயுவை உண்டாக்கும் ஒரு வர்க்கமும் குடியிருக்கிறது. அசைபோடும் மாடு ஏப்பத்தில் விடுவது பெரும்பாலும் அவ்வாயுவும் கரியமிலவாயுவுமே. அந்த உயிர்கள் சாணத்திலும் கலந்து வருவதால், அதை நீரில் கரைத்துப் பிராணவாயு அணுகாதபடி மூடிவைத்தால், வயிற்றில் பாதியில் நின்ற வேலை தொட்டிக்குள் தொடர்கிறது. முதலில் நார்ப்பொருள்கள் கரைந்து சர்க்கரை போன்ற எளிய பொருள்களாகின்றன. வேறு சில உயிர்கள் அவற்றை அமிலங்களாக்குகின்றன. அவ்வமிலங்கள் மேலும் சிதைந்தபின் மீத்தேன் வர்க்கம் தன் பங்கைச் செய்கிறது. இந்தக் கடைசி வர்க்கம் சற்று சுகவாசி. சுமார் 35 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணமும், புளிப்போ காரமோ மிகாத நிலையும் வாய்த்தால் உற்சாகமாக உழைக்கும். குளிர் வந்தால் சோம்பும். ஒரேயடியாகத் தீனியைக் கொட்டினால் அமிலம் பெருகி, வேலையையே நிறுத்திவிடும். விளையும் வாயுவில் 55 முதல் 60 சதவீதம் மீத்தேன், மீதம் பெரும்பாலும் கரியமிலவாயு, அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு சொற்பம்.

டில்லியிலுள்ள விவசாய ஆராய்ச்சிக் கழகத்தில் எஸ். வி. தேசாய் 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதைச் சோதித்துப் பார்த்தார். குடியானவன் வீட்டுக் கொல்லைக்கு ஏற்ற உருவத்தில் இதை அமைத்துக் காட்டிய பெருமை ஜஷ்பாய் படேலைச் சேரும். 1951-இல் அவர் அமைத்த கலனுக்கு ‘கிராமலக்ஷ்மி’ என்று பெயர். அந்த வழியில் வந்த அமைப்பைக் கதர் கிராமத் தொழில் கமிஷன் பிற்பாடு ஏற்று, நாடெங்கும் பரப்பியது. கிணறு போன்ற செங்கல் தொட்டி, அதன்மேல் கவிழ்த்த இரும்பு டிரம்: யந்திரம் இவ்வளவுதான். வாயு சேரச் சேர டிரம் மேலெழும், அடுப்பு எரிய எரியத் தாழும். இன்றைக்கு எத்தனை நேரம் அடுப்பு எரியும் என்பதைக் கொல்லைப்புறத்தை ஒரு பார்வை பார்த்தே வீட்டம்மாள் சொல்லிவிடலாம். டிரம்மின் கனமே வாயுவைக் குழாய் வழியே அடுப்புக்குத் தள்ளிவிடுகிறது. இரும்பு துருப்பிடிக்கும், விலையும் அதிகம் என்ற குறையை நீக்கவே, செங்கல் வளைவே கூரையாக அமைந்த ‘தீனபந்து’ என்னும் கலன் 1984-இல் வந்தது.

அன்றாடம் ஆகவேண்டிய காரியமும் உண்டு. சாணமும் தண்ணீரும் சம அளவாகக் கலனுக்கு வெளியே உள்ள கரைக்கும் தொட்டியில் இட்டு, கட்டிகளைக் கையால் பிசைந்து, வைக்கோல் துணுக்குகளைப் பொறுக்கி, மணலும் கல்லும் அடியில் தங்கிவிட, கூழ்போன்ற கரைசலை மட்டும் உள்ளே விடவேண்டும். அலட்சியம் செய்தால் மணல் அடியில் மேடாகும். துணுக்குகள் மேலே ஆடைகட்டி வாயுவைத் தடுக்கும். டிரம்மை அவ்வப்போது கையால் சுழற்றிவிடுவது அந்த ஆடையைக் கலைப்பதற்கே. குழாயில் நீர் தேங்கினால் சுடர் துடிதுடிக்கும், அதையும் வடித்துவிடவேண்டும். கைவிடப்பட்ட கலன்களில் பலவற்றுக்கு ரசாயனத்தின்மேல் குற்றம் சொல்வது நியாயமல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஒரு கிலோ பசுஞ்சாணம் ஏறக்குறைய 40 லிட்டர் வாயு தரும். நாலைந்து மாடுகளின் 50 கிலோ சாணத்தில் நாளொன்றுக்கு 2 கன மீட்டர் கிடைக்குமாகையால், நடுத்தரக் குடும்பம் ஒன்றின் சமையல் புகையில்லாமல் நடந்தேறும். ஒரு கன மீட்டர் வாயு சுமார் மூன்றரைக் கிலோ விறகுக்கு ஈடு. வெளியேறும் கழிவிலோ தழைச்சத்து அநேகமாக அப்படியே தங்கியிருக்கிறது. நாற்றம் தணிந்திருக்கும், ஈயும் அவ்வளவாக மொய்க்காது.

ஆனால் மாடு இல்லாதவர் என்ன செய்வது? பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் அமுல்ய ரெட்டியும் சகாக்களும் இதற்கு விடை தேடி, கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்திலுள்ள புரா கிராமத்தில் ஊருக்கெல்லாம் பொதுவான கலன் அமைத்தார்கள். சமையல் வாயுவாக வழங்க நினைத்த முதல் பிரயத்தனம் பலிக்கவில்லை. எல்லா வீட்டு அடுப்புக்கும் வாயு போதவில்லை, விறகோ காசு கொடாமல் பொறுக்கக் கிடைத்தது. ஊரார் வேண்டியது குடிநீர். ஆகவே 1987-இல் அந்த வாயுவை டீசல் எஞ்சினில் டீசலோடு சேர்த்து எரித்து மின்சாரம் எடுத்து, ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து நீர் இறைத்துத் தெருக்குழாய்களுக்கு அனுப்பினார்கள். வீடுகளுக்கு விளக்கும் கொடுத்தார்கள். அதன்பின் சாணம் தானே வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவருக்கு எடைக்கேற்பக் கூலியும், மணற்பாத்தியில் வடித்த எருவில் அவரவர் பங்கும் கிடைத்தன. மாடில்லாத வீட்டாரும் அதே குழாயில் தண்ணீர் பிடித்தார்கள்.