உறைக்குள் இருக்கும் வாள்

திருவனந்தபுரத்திலிருந்து விதுரா வழியாக மலையேறினால் போனக்காடு வரும். அகத்தியர்கூடத்துக்கு நடைப்பயணம் புறப்படும் இடம் என்று இப்போது பலருக்கும் தெரியும். வெள்ளைக்காரர் காலத்துத் தேயிலைத் தோட்டம் அது. கொழுந்து கிள்ள வந்தவர்களில் நம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. 1980களின் நடுவில் நான் அங்கே தவணைக்குப் பாத்திரம் விற்கப் போவேன். சம்பள நாளில் போனால்தான் வசூல் ஆகும். அந்த நாளில்தான் லயத்து வாசலில் வாடகை டெக்கும் டி.வி.யும் வந்து இறங்கும்.

ஒரு ராத்திரி தமிழ்ப்படம் முடிந்ததும் 'சைனாப் படம்' ஒன்று போட்டார்கள். அந்தி சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவது எங்கள் சமண வழக்கம். கீழே இறங்க வண்டி இல்லாததால் நானும் ஓரமாக உட்கார்ந்தேன். ஒரு சத்திரம். ஆண் உடையில் ஒரு பெண் தனியாக வந்து உட்காருகிறாள். முரடர்கள் சூழ்ந்துகொண்டு சீண்டுகிறார்கள். சீன மொழி யாருக்கும் தெரியாது, அடியில் ஓடிய ஆங்கில எழுத்தைப் படிக்கவும் ஆளில்லை. ஆனால் கொழுந்துக் கூடையை இன்னும் இறக்கி வைக்காத ஒரு பாட்டி மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். "பாஷை புரியுதா?" என்று கேட்டேன். "பாஷை எதுக்கு அண்ணாச்சி? இத்தனை பேரு வம்பு இழுக்கான், அவ எந்திரிக்கவே இல்லியே, கவனிச்சீங்களா?" என்றாள்.

அந்தப் படம் 1966இல் கிங் ஹூ எடுத்த 'கம் டிரிங்க் வித் மீ' என்பது பல வருஷம் கழித்து குறுந்தகடு வாங்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நாயகி செங் பெய்பெய் நடனம் பயின்றவர். சண்டையை நடனமாக ஆடிக்காட்டத் தெரிந்தவர் வேண்டும் என்றே அவரைப் பிடித்தார்களாம். தயாரித்தது ஹாங்காங்கின் ஷா சகோதரர்கள் நிறுவனம். இதே ஷா சகோதரர்கள்தாம் சிங்கப்பூரில் மலாய்ப் படங்கள் எடுத்தபோது நம் ஆட்களை இயக்குநர்களாக வைத்துக்கொண்டார்கள். பி. ராம்லீ முதன்முதலில் கதாநாயகனான 'பக்தி' (1950) படத்தை இயக்கியவர் தமிழரான எல். கிருஷ்ணன்.

இவ்வகைக் கதைகளுக்குச் சீனத்தில் 'வூஷியா' என்று பெயர். 'ஷியா' என்றால் எளியவருக்காகத் தன் வலிமையைச் செலவிடுகிறவன். 'வூ' என்றால் போர்த்திறம். இந்த 'வூ' என்ற எழுத்தில் 'நிறுத்து' என்ற குறியும் ஈட்டி போன்ற ஓர் ஆயுதத்தின் குறியும் சேர்ந்திருக்கின்றன, ஆகவே ஆயுதத்தை நிறுத்துவதே வீரம் என்று சூ நாட்டு மன்னன் ஒருவன் சொன்னதாகப் பழைய சீன வரலாற்று நூல் கூறுகிறது. இன்றைய எழுத்தாராய்ச்சிக்காரர்கள் இதை ஒப்புவதில்லை. அந்த முதல் குறி உண்மையில் பாதம், ஆயுதத்தோடு நடந்து செல்வது என்பதே மூலப் பொருள் என்கிறார்கள். அவர்கள் சொல்வதே சரியாக இருக்கும். ஆனால் ஒரு தவறான சொல்விளக்கத்தை ஒரு சமூகம் இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் விரும்பிப் பிடித்துக்கொண்டிருந்தது என்றால் அதற்கும் ஓர் அர்த்தம் உண்டு.

கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்தவன் வாள்சண்டைப் படம் பார்க்கலாமா என்று என் மூத்த மகன் ஒருமுறை கேட்டான். கிண்டலாகத்தான் கேட்டான், எனக்குச் சுருக்கென்று இருந்தது. சமண நூல்கள் இல்லறத்தானுக்கு இம்சையை நான்காகப் பிரித்துச் சொல்கின்றன. வேண்டுமென்றே நினைத்துச் செய்வது, அடுப்படி வேலையில் நேர்வது, தொழிலில் நேர்வது, தாக்க வருபவனைத் தடுக்கையில் நேர்வது. முதலாவதை அவன் அறவே விடவேண்டும். மற்ற மூன்றையும் முடிந்தமட்டும் குறைக்கவேண்டும். நல்ல வூஷியா படத்தில் வில்லன் முதல் வகை, நாயகன் நான்காம் வகை. நாயகன் அந்த நான்காவதையும் விட்டுவிட முடியுமா என்பதுதான் கதை. அதனால்தான் அவன் வாளை உருவத் தயங்குகிறான், அந்தத் தயக்கத்தைத்தான் நாம் உட்கார்ந்து பார்க்கிறோம்.

இந்தக் கதை நமக்குப் புதிதா என்றால், இல்லை. சீவக சிந்தாமணியை எடுத்துக்கொள்ளுங்கள். அமைச்சன் கட்டியங்காரன் அரசனைக் கொன்று நாட்டைப் பிடுங்குகிறான். அரசி மயிற்பொறியில் பறந்து தப்பிச் சுடுகாட்டில் பிள்ளை பெறுகிறாள். கந்துக்கடன் என்ற வணிகன் (எங்கள் சாதிக்காரன் என்று பெருமைப்பட்டுக்கொள்வேன்!) எடுத்து வளர்க்கிறான். ஆசிரியர் அச்சணந்தி எல்லாக் கலையும் கற்பித்து, பிறப்பின் ரகசியத்தையும் சொல்கிறார். சீவகன் கொதித்து எழுகிறான். "ஓராண்டு பொறு" என்று வாக்கு வாங்கிக்கொள்கிறார் ஆசான். ஆதரவற்ற பிள்ளை, மறைந்த பிறப்பு, குரு, தள்ளிப்போடப்பட்ட பழி, கடைசியில் துறவு. ஹாங்காங்கில் யாராவது படித்தால் இதை நம் ஊர் வூஷியா என்றே சொல்வார்கள்.

துறவு என்றதும் கிங் ஹூவின் 'எ டச் ஆஃப் ஜென்' நினைவுக்கு வருகிறது. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் இந்தப் படத்துக்கு 1975இல் கான் விழாவில் தொழில்நுட்பத்துக்கான பரிசு கிடைத்தது. அதிகார வர்க்கத்தால் தந்தையை இழந்து தலைமறைவாக வாழும் பெண்ணின் கதை. மூங்கில் காட்டுச் சண்டையைத்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்குப் பெரிது அதன் முடிவு. குத்துப்பட்ட துறவியின் உடம்பிலிருந்து ரத்தத்துக்குப் பதில் பொன் வழிகிறது. பழிக்குப் பழி என்று தொடங்கிய படம் வாளையே மறந்துவிட்டு எங்கோ போய் நிற்கிறது.

பறப்பதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. கிங் ஹூ காலத்தில் எகிறுபலகை வைத்துக் குதிக்கவிட்டு, குதித்தவர் தரையிறங்குவதற்குள் காட்சியை வெட்டிவிடுவார்கள். மிச்சத்தைப் பார்ப்பவர் மனசு பறந்துகொள்ளும். தாளமும் பார்வையும் அடிவைப்பும் சீன இசைநாடகத்திலிருந்து வந்தவை. எங்கள் வந்தவாசிப் பக்கத்துத் தெருக்கூத்தில் போர் என்றால் மத்தளத்துக்குச் சுழன்று சுழன்று ஆடுவதுதானே? அங்கே யாரும் "நிஜமாக வெட்டவில்லையே" என்று கேட்டதில்லை. உடலை இலேசாக்கும் வித்தைக்கு அட்டமாசித்தியில் இலகிமா என்று பெயரே இருக்கிறது. வானில் செல்லும் சமண முனிவர்களைச் சாரணர் என்று நம் காப்பியங்கள் பேசுகின்றன.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. போதிதருமர் காஞ்சியிலிருந்து போய் ஷாவோலினில் சண்டைக்கலை கற்பித்தார், ஆகவே எல்லாம் நம்முடையதே என்று மேடையில் முழங்குகிறோம். 2011இல் வந்த 'ஏழாம் அறிவு' படத்துக்குப் பிறகு முழக்கம் கூடிவிட்டது. அவரைச் சண்டைக்கலையோடு இணைக்கும் கதை 17ஆம் நூற்றாண்டுச் சீன நூல் ஒன்றிலிருந்துதான் பரவியது என்பது ஆய்வாளர் முடிவு. அவர் வாழ்ந்ததோ அதற்கு ஆயிரம் வருஷத்துக்கு முன். பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் நாளை அவர்களே கண்டுபிடித்து, நாம் சொன்ன மற்றதையும் நம்பமாட்டார்கள்.

மெய்யான ஒற்றுமை போனக்காட்டுக்கு மேலேயே இருக்கிறது. தென்திருவிதாங்கூர் வர்ம ஆசான்கள் தங்கள் ஆதி குருவாக அகத்தியரைச் சொல்வார்கள். சீனப் படங்களில் விரலால் ஓரிடத்தைத் தொட்டு ஆளை அசையாமல் நிறுத்துவார்களே, அதன் உறவுக்காரன் நம் வர்மம். அடிக்கும் இடத்தைக் கற்றவன் அடிபட்டவனை எழுப்பும் இளக்குமுறையையும் கற்றாக வேண்டும் என்பது அவர்கள் விதி. அங்கும் மலைமேல் குரு, இங்கும் மலைமேல் குரு.

எல்லா வாள்படமும் இப்படி என்று சொல்லமாட்டேன். சாங் சேயின் 'ஒன் ஆர்ம்டு ஸ்வோர்ட்ஸ்மன்' (1967) பெரிய வெற்றி. ஆனால் அவர் படங்களில் வழியும் ரத்தம் எனக்கு ஒத்துவராது. 2002இல் ஜாங் யீமோ எடுத்த 'ஹீரோ'வில் கொல்ல வந்தவன் அரசனைக் கொல்லாமல் விடுகிறான். கேட்க அழகாக இருக்கிறது. சர்வாதிகாரிக்கு வக்காலத்து என்று அதைக் கண்டித்தவர்களும் உண்டு, அதில் நியாயம் இருக்கிறது. கொல்லாமை வேறு, பணிந்துபோவது வேறு. நம் பக்கத்தில் எம்.டி. எழுதி ஹரிஹரன் இயக்கிய 'ஒரு வடக்கன் வீரகதா' (1989) இந்த வேறுபாட்டை நன்றாகத் தொட்டது. சதியன் என்று ஊர் தூற்றிய சந்து, கடைசியில் எதிரே நிற்கும் இளையவனைக் கொல்ல மனமின்றித் தன்னையே மாய்த்துக்கொள்கிறான்.

குழந்தைகளோடு பார்ப்பவர்கள் 2000இல் ஆங் லீ எடுத்த 'க்ரவுச்சிங் டைகர், ஹிடன் டிராகன்' படத்திலிருந்து தொடங்கலாம். நான்கு ஆஸ்கார் பெற்றது. பெரிய வீரன் ஒருவன் தன் வாளைக் கொடுத்துவிட வருவதில்தான் அந்தக் கதையே ஆரம்பிக்கிறது. அதில் வில்லியாக வரும் வயதான பெண்மணியை உற்றுப் பாருங்கள். சத்திரத்தில் எழாமல் உட்கார்ந்திருந்த அதே செங் பெய்பெய். 2024இல் காலமானார். இரண்டு படத்துக்கும் நடுவில் 34 வருஷம். போனக்காட்டுப் பாட்டி இருந்திருந்தால் முகத்தைப் பார்த்ததுமே அடையாளம் சொல்லியிருப்பாள்.