விபிஎன் எதைக் காக்கிறது, எதைக் காக்காது?

2020 ஜூலையில் ட்விட்டர் ஊழியர்கள் பலருக்குத் தொலைபேசி அழைப்புகள் வந்தன. அழைத்தவர்கள் தங்களை நிறுவனத்தின் ஐ.டி. பிரிவினர் என்று சொல்லிக்கொண்டு, விபிஎன் கோளாறைச் சரிசெய்து தருவதாகப் பேசினார்கள். கொரோனாவால் வீட்டிலிருந்தே வேலை நடந்த காலம் அது. விபிஎன் தகராறு செய்வது வாடிக்கையாகிவிட்டதால், அந்தப் பேச்சு நம்பும்படியாக இருந்தது. அசல் விபிஎன் நுழைவுப் பக்கத்தைப் போலவே அமைத்த போலிப் பக்கத்தில் ஊழியர் பதிந்த பாஸ்வேர்டை, மோசடிக்காரர்கள் உடனுக்குடன் அசல் பக்கத்தில் இட்டார்கள். செல்பேசிக்கு வந்த ஒப்புதல் கோரிக்கைக்கும் சிலர் சம்மதம் தந்துவிட்டார்கள். இப்படி உள்ளே நுழைந்ததன் விளைவாக, ஜூலை 15 அன்று ஒபாமா, பைடன், எலான் மஸ்க் ஆகியோரின் கணக்குகளிலிருந்து பிட்காயின் மோசடிப் பதிவுகள் வெளிவந்தன. 1,18,000 டாலருக்கு மேல் பறிபோனதாக நியூயார்க் மாநில நிதிச் சேவைகள் துறையின் விசாரணை அறிக்கை கூறியது.

இங்கே விபிஎன் தொழில்நுட்பம் உடைக்கப்படவில்லை. ஊழியரின் கணினிக்கும் அலுவலக நெட்வொர்க்குக்கும் இடையே போகும் தகவலை மறையாக்கி, வழியில் யாரும் படிக்காமல் காப்பதுதான் அதன் வேலை. உள்ளே வருபவர் உண்மையான ஊழியர்தானா என்பதை, கொடுக்கப்படும் அடையாளத்தை வைத்தே அது முடிவு செய்கிறது. பல அலுவலகங்களில் ஊழியருக்குச் சொல்லித்தரப்படுவதோ, ‘இதை ஆன் செய்தால் பாதுகாப்பு’ என்பது மட்டுமே. இந்த அரைகுறைப் புரிதலைத்தான் மோசடிக்காரர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள். எனவே விபிஎன்னை விளக்கிச் சொல்வதும் பாதுகாப்பு ஏற்பாட்டின் ஒரு பகுதிதான். அந்தப் பொறுப்பு நிறுவனத்துடையது.

ஊழியரின் அஜாக்கிரதைக்கு நிறுவனம் என்ன செய்யும் என்று கேட்கலாம். அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் நிறுவனத்தைப் பாருங்கள். 2021இல் ஊடுருவியவர்கள், பயன்பாட்டில் இல்லாத பழைய விபிஎன் கணக்கு ஒன்றின் வழியே நுழைந்தார்கள். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு எளிதில் ஊகிக்கக்கூடியது அல்ல என்று நிறுவனத்தின் தலைவர் செனட் குழுவிடம் சொன்னார். ஆனால் பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு ஒப்புதலைக் கேட்கும் இரண்டாம் அடுக்குச் சரிபார்ப்பு அந்தக் கணக்குக்கு இல்லை. கணக்கு மூடப்படவும் இல்லை. இரண்டையும் நிர்வாகம் செய்திருக்க வேண்டும். கிழக்குக் கடற்கரையின் எரிபொருளில் ஏறக்குறைய 45 சதவீதத்தைக் கொண்டுசெல்லும் குழாய் நாள்கணக்கில் நின்றது. ஊடுருவியவர்களுக்குச் சுமார் 44 லட்சம் டாலர் பிணைத்தொகை கைமாறியது. அப்படியானால் தொழில்நுட்பத்தைப் பலப்படுத்தினால் போதாதா என்பது அடுத்த கேள்வி. பலப்படுத்தத்தான் வேண்டும், யூஎஸ்பி பாதுகாப்புச் சாவி போலிப் பக்கத்தில் வேலை செய்யாது. ஆனால் ட்விட்டரில் இரண்டாம் அடுக்கு இருந்தும் ஊழியரின் ஒப்புதலே அதைத் திறந்துவிட்டது. அதே தாக்குதலின்போது வேறு சில ஊழியர்கள் அழைப்பைச் சந்தேகித்து நிறுவனத்துக்குத் தகவல் கொடுத்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. விவரம் அறிந்த ஊழியரால் தாக்குதலை இனங்காண முடியும்.

விளக்கம் என்றால், ஆண்டுக்கு ஒருமுறை காட்டும் வீடியோ அல்ல. ஐ.டி. பிரிவு ஒருபோதும் பாஸ்வேர்டு கேட்காது என்ற உறுதிமொழியும், சந்தேகம் வந்தால் அழைப்பைத் துண்டித்துவிட்டு அலுவலக எண்ணுக்குத் திருப்பி அழைக்கும் உரிமையும் வேண்டும். ஊழியரின் சொந்த இணையப் பயன்பாடும் விபிஎன் வழியே போகிறதா, அதை நிறுவனம் பார்க்கிறதா என்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும். வேவு பார்க்கிறார்களோ என்று அஞ்சுபவர் விபிஎன்னை அணைத்து வைக்கத்தான் முயல்வார். தவறாக ஒப்புதல் கொடுத்தவர், தண்டனைக்குப் பயந்து மறைத்தால் மோசடிக்காரருக்குக் கூடுதல் அவகாசம் கிடைக்கிறது. உடனே வந்து சொல்பவரைத் திட்டாமல் கேட்டுக்கொள்ளும் நிர்வாகத்துக்கே அந்த அவகாசத்தைக் குறைக்கும் வாய்ப்பு உண்டு.