சேற்றில் மிதக்கும் தண்டவாளம்

நாற்று நடும் வயலில் இறங்கி நடந்திருக்கிறீர்களா? ஒரு காலை உருவி எடுப்பதற்குள் மறுகால் புதைந்துவிடும். அதைவிடக் கொழகொழப்பான நிலத்தின் மேல் ரயில் ஓடுமா? ஓடும். 1830 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது!

இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகருக்கு மேற்கே சாட் மாஸ் என்ற சதுப்பு நிலம் இருக்கிறது. அங்கே காலுக்கடியில் இருப்பது மண் அல்ல, ‘பீட்’. மட்காமல் தங்கிப்போன செடிகளின் குவியல்தான் பீட்.

அதை உண்டாக்குவது ஸ்பேக்னம் என்னும் பாசி. அதன் ஓர் இலையை நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். மெல்லிய பச்சை செல்கள் வலைபோலப் பின்னியிருக்கும். அவற்றின் நடுவே பெரிய பெரிய வெற்று செல்கள். அவற்றின் சுவரில் குட்டிக் குட்டி ஓட்டைகள். அந்த வெற்று அறைகள்தான் தண்ணீர்த் தொட்டிகள். காய்ந்த பாசி தன் எடையைப்போல 20 மடங்கு வரை தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும்.

செடி செத்தால் மட்க வேண்டும் அல்லவா? இங்கே அது நடப்பதில்லை. தேங்கிய நீருக்குள் ஆக்சிஜன் மிகக் குறைவு. போதாக்குறைக்கு, இந்தப் பாசி தண்ணீரைப் புளிப்பாக்கிவிடுகிறது. மட்கச் செய்யும் நுண்ணுயிர்களால் அங்கே சரியாக வேலை செய்ய முடியாது. பழைய பாசி அடியில் அப்படியே கிடக்க, புதுப் பாசி அதன் தலைமேல் வளர்கிறது. பீட் ஆண்டுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் உயரும். சாட் மாஸில் சில இடங்களில் அதன் ஆழம் ஏறக்குறைய 9 மீட்டர். எத்தனை ஆண்டு உழைப்பு என்று நீங்களே கணக்குப் போடுங்கள்!

லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே ரயில்பாதை போடும் பொறுப்பு ஜார்ஜ் ஸ்டீபன்சன் என்ற பொறியாளரிடம் வந்தது. வழியில் 7 கிலோமீட்டருக்கு மேல் சாட் மாஸைக் கடக்க வேண்டும். இது நடக்காத காரியம் என்று வேறு பொறியாளர்கள் நாடாளுமன்றக் குழுவிடமே சொன்னார்கள். ஸ்டீபன்சனின் உதவியாளர் ஜான் டிக்சன் முதன்முதலாக இடத்தைப் பார்க்கப் போனபோது, பலகையிலிருந்து வழுக்கி முழங்கால் வரை புதைந்தார். வேலையாட்கள் பாதத்தில் பலகையைக் கட்டிக்கொண்டு நடந்தார்கள்.

அந்தப் பலகையில்தான் விடையும் இருந்தது. ஒரே எடை சிறிய இடத்தில் இறங்கினால் அழுத்தம் அதிகம். பெரிய இடத்தில் பரவினால் அழுத்தம் குறைவு. மனிதனுக்குப் பலகை போதும். ரயிலுக்கு?

ஸ்டீபன்சன் முதலில் இருபுறமும் கால்வாய் வெட்டி, மேல்மட்ட நீரை வடித்தார். ஹெதர் என்னும் புதர்ச்செடியை வெட்டி மெத்தைபோலப் பரப்பினார். கிளைகளைப் பின்னிச் செய்த படல்களை அதன்மேல் அடுக்கினார். அதற்கும் மேல் மணலும் சரளையும். மற்ற பகுதிகளில் பல இடங்களில் தண்டவாளத்தைக் கல்மேல் பொருத்தியவர், இங்கே மரக்கட்டைமேல் பொருத்தினார். மரம் கல்லைவிட லேசானது அல்லவா? முழுப் பாதையும் நீண்ட தெப்பமாகிவிட்டது! ஓர் ஓரத்தில் கரை எழுப்பக் கொட்டிய மண்ணையெல்லாம் சதுப்பு பல வாரங்கள் விழுங்கிக்கொண்டே இருந்தது. அவர் விடவில்லை. 1830 செப்டம்பர் 15 அன்று பாதை திறக்கப்பட்டது.

நீங்களும் செய்து பாருங்கள். ஒரு கிண்ணத்தில் சேற்றைத் தளதளவென்று குழைத்துக்கொள்ளுங்கள். ஒரு கூழாங்கல்லை அதில் வையுங்கள்; மெல்ல இறங்கும். அடுத்து, பின்னிய தென்னங்கீற்றுத் துண்டை விரித்து, அதே கல்லை அதன்மேல் வையுங்கள். என்ன ஆகிறது?

இன்னொரு சேதி. பீட் தண்ணீரை மட்டுமா பிடித்து வைத்திருக்கிறது? செடிகள் காற்றிலிருந்து எடுத்த கார்பனையும் பூட்டி வைத்திருக்கிறது. உலக நிலப்பரப்பில் பீட் நிலம் சுமார் 3 விழுக்காடுதான். ஆனால், எல்லாக் காடுகளின் மரஞ்செடிகளிலும் இருப்பதைவிட அதிகக் கார்பன் அதில் இருக்கிறது. நீரை வடித்துவிட்டால் ஆக்சிஜன் உள்ளே புகும், பீட் மட்கும், கார்பன் டை ஆக்சைடு காற்றில் கலந்துவிடும்.

சாட் மாஸின் பெரும்பகுதியை மனிதர்கள் வடித்து வயலாக்கினார்கள். பீட்டை வெட்டியும் எடுத்தார்கள். இப்போது சில இடங்களில் கால்வாய்களை அடைத்து, மழைநீரைத் தேக்கி, ஸ்பேக்னத்தை மறுபடி நடுகிறார்கள். ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும் நிலம் இது. இன்று நடும் பாசி ஒரு சாண் பீட் ஆவதற்குள் இருநூறு ஆண்டுகள் போய்விடும். தெரிந்தேதான் நடுகிறார்கள்.