கார்பன் மிதிவண்டியும் மகிழுந்துப் பயணமும்

ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் கெந்திங் மலைக்குச் செல்லும் சாலையைக் கவனித்தால், மிதிவண்டிகளைச் சுமந்து செல்லும் மகிழுந்துகளைக் காணலாம். மலையேற்றப் பயிற்சிக்குச் செல்வோர் பலர் வீட்டிலிருந்தே மிதிவண்டியை ஓட்டிச் செல்வதில்லை. மலையடிவாரம் வரை மகிழுந்தில் ஏற்றிச் செல்கின்றனர். அம்மிதிவண்டிகளுள் பல, கார்பன் இழையால் ஆன சட்டகத்தைக் கொண்டவை. மலைச்சாலையின் மேடு பள்ளங்களை எல்லாம் தாங்கும் அச்சட்டகம், மகிழுந்தில் பூட்டும்போது ஒரு கவ்வியின் பிடியில் விரிசல் கண்டுவிடக்கூடும். இது முரணாகத் தோன்றலாம். ஆனால், காரணம் அப்பொருளின் அமைப்பிலேயே உள்ளது.

கார்பன் இழை ஒன்றின் விட்டம் தலைமுடியின் விட்டத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். ஆயிரக்கணக்கான இழைகளை ஒன்றுசேர்த்து, எபோக்சி என்னும் பிசினில் தோய்த்து, அச்சில் அடுக்கடுக்காக வைத்துச் சூடேற்றுகின்றனர். ஒவ்வோர் அடுக்கிலும் இழைகள் எத்திசையில் செல்ல வேண்டும் என்பதைப் பொறியியலாளர்கள் முன்கூட்டியே முடிவு செய்கின்றனர். ஓட்டுபவரின் எடையும் மிதிகட்டையை அழுத்தும் விசையும் வரும் திசைகளில் சட்டகம் மிகுந்த வலிமை பெறுகிறது. மற்றத் திசைகளில் அவ்வளவு வலிமை தேவைப்படுவதில்லை. அதனால் கொடுக்கப்படுவதும் இல்லை. மூங்கிலை இழுத்து அறுக்க யானை பலம் வேண்டும். அதையே நெடுக்காகப் பிளக்க ஓர் அரிவாள் போதும். கார்பன் சட்டகத்தின் இயல்பும் ஏறக்குறைய இதுவே.

எடையைக் குறைப்பதற்காக, மேற்குழாயின் சுவரைச் சில இடங்களில் ஒரு மில்லிமீட்டர் அளவே தடிமனாக அமைப்பதுண்டு. பக்கவாட்டிலிருந்து நெருக்கினால் அந்தச் சுவர் தாங்காது. எஃகுச் சட்டகம் அடிபட்டால் நெளியும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். கார்பன் சட்டகத்திலோ உள்ளே அடுக்குகள் பிரிந்திருந்தாலும் மேற்பூச்சு பளபளப்பாகவே இருக்கக்கூடும். அப்படிப்பட்ட மிதிவண்டி மலையிறக்கத்தில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது முறிந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எனவே, மிதிவண்டியைத் தாங்கியில் பொருத்தும்போது, அது எந்த இடத்தைப் பிடிக்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். மேற்குழாயையோ கீழ்க்குழாயையோ கவ்விப் பிடிக்கும் தாங்கி கார்பன் மிதிவண்டிக்கு ஏற்றதன்று. அளவுக்கு மேல் திருகினால் ஒலி எழுப்பி எச்சரிக்கும் கவ்விகளும் விற்பனையில் உள்ளன. எனினும், சக்கரங்களை மட்டும் பிடித்துக்கொள்ளும் தாங்கியே சிறந்தது. அதில் சட்டகத்தை எதுவும் தொடுவதில்லை. சக்கரங்களைக் கட்டும் பட்டைகள் உறுதியாக இருந்தால் போதும். மிதிவண்டி ஆடி அருகிலுள்ள மற்றொரு மிதிவண்டியை உரசாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பின்புறத் தாங்கியில் இன்னொரு தொல்லை உண்டு. புகைபோக்கிக் குழாயிலிருந்து வரும் வெப்பக் காற்று நேராகச் சக்கரத்தில் பட்டால், டயரும் கார்பன் விளிம்பும் கெட்டுவிடும். மகிழுந்தின் பதிவெண்ணும் விளக்குகளும் மறையாமல் இருப்பதும் கட்டாயம்.

கூரைமேல் ஏற்றினால் காற்று எதிரியாகிறது. வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு விசை நான்கு மடங்காகும். மணிக்கு 55 கிலோமீட்டரில் அசையாமல் நின்ற மிதிவண்டி, நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டரை எட்டும்போது கட்டுகளை வேறு விதமாக இழுக்கும். ஆனால், கூரைமேல் செல்லும் மிதிவண்டிகளுக்குப் பெரிய எமன் காற்று அன்று, மறதிதான். பேரங்காடியின் கீழ்த்தள வாகன நிறுத்துமிடத்தில் உயரத் தடுப்பு பெரும்பாலும் 2 மீட்டரைச் சற்றே தாண்டும். மிதிவண்டியோடு மகிழுந்தின் உயரமோ 2.5 மீட்டரை நெருங்கும். ஓட்டுநரின் கண்ணெதிரே உயரத்தைக் குறித்து ஒரு தாளை ஒட்டிவைப்பது பலர் கையாளும் எளிய வழி.

இடம் இருந்தால் மகிழுந்துக்குள் வைப்பதே மிகவும் பாதுகாப்பானது. சக்கரங்களைக் கழற்றி, சங்கிலி உள்ள பக்கம் மேலே இருக்குமாறு சட்டகத்தைப் படுக்க வைக்க வேண்டும். இல்லையெனில், மிதிவண்டியின் எடை கியர் மாற்றியின் மேல் விழுந்து அதை வளைத்துவிடும். கழற்றிய சக்கரத்தை அப்படியே சட்டகத்தின்மேல் போடக் கூடாது. நடுவே தடித்த போர்வையை விரிக்க வேண்டும். திரவ அழுத்தத்தால் இயங்கும் டிஸ்க் பிரேக் என்றால், பிரேக் கட்டைகளுக்கு இடையே மடித்த அட்டைத் துண்டைச் செருகுவது நல்லது. சக்கரம் இல்லாத வேளையில் பிரேக் பிடியை யாராவது அழுத்திவிட்டால், கட்டைகள் நெருங்கி ஒட்டிக்கொள்ளும்.

சேருமிடத்தை அடைந்ததும் மிதிவண்டியைத் துடைத்துப் பார்ப்பது வழக்கம். பூச்சில் மெல்லிய கோடு தெரிந்தால், அந்த இடத்தை ஒரு நாணயத்தால் மெதுவாகத் தட்டிப் பார்க்கலாம். நல்ல பகுதியில் கணீரென்ற ஒலியும், அடுக்குகள் பிரிந்த பகுதியில் மந்தமான ஒலியும் கேட்கும். இது முதற்கட்டச் சோதனை மட்டுமே. ஐயம் இருந்தால் கார்பன் பழுதுபார்ப்பவரிடம் காட்டும் வரை அதில் ஏறக் கூடாது. இருக்கைத் தண்டைக் கழற்றியிருந்தால், திரும்பப் பூட்டுகையில் கை வலிமையை நம்ப வேண்டாம். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது பெரும்பாலும் அதன் அருகிலேயே அச்சிடப்பட்டிருக்கும். பல மிதிவண்டிகளில் அது 5 நியூட்டன் மீட்டர் அளவே.