டொக் டொக்... உள்ளே சைக்கிள் விளைகிறது!

வாங்க, வாங்க! செருப்போடே வரலாம், பட்டறைதான். சுவரில் சாய்த்து வைத்திருக்கும் கழிகளைப் பார்த்தீர்களா? பந்தல் போட வந்தவை என்று நினைத்துவிடாதீர்கள். அத்தனையும் சைக்கிள் ஆகப்போகிறவை!

மெய்யாகத்தான். நாம் குரங்கு பெடல் போட்ட காலத்தில் தொடையில் இடித்ததே, அந்த பார் கம்பி, அதுவும் மூங்கில். சீட்டுக்குக் கீழே இறங்கும் குழாயும் மூங்கில். பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவைகளும் மூங்கில். நாம் நுழைந்திருப்பது கானா நாட்டின் அஷாந்தி வட்டாரத்துப் பட்டறை ஒன்றுக்குள். பெர்னிஸ் டாபா என்ற பெண் தொடங்கிய ‘கானா பேம்பூ பைக்ஸ்’ அமைப்பு இந்த வட்டாரத்துப் பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் இந்தத் தொழிலைக் கற்றுத் தருகிறது. ஒரு மூங்கில் வெட்டினால் பத்து நட வேண்டும் என்பது அவர்கள் வைத்திருக்கும் கணக்கு. இதே வட்டாரத்து யோன்சோ கிராமத்தில் உருவாகும் ஃப்ரேம்கள் ஜெர்மனியின் கீல் நகரத்துக்குப் போய், ‘மை பூ’ என்ற பெயரில் சக்கரம் மாட்டிக்கொண்டு ஐரோப்பியத் தெருக்களில் ஓடுகின்றன!

யார் கிளப்பிவிட்ட யோசனை இது? ஒரு நாய்! கலிஃபோர்னியாவில் கார்பன் ஃபைபர் சைக்கிள் கட்டுவதில் பேர்போனவர் கிரெய்க் கால்ஃபீ. அவருடைய நாய் லூனா ஒரு மூங்கில் துண்டைக் கவ்விக்கொண்டு கடி கடி என்று கடித்தது. பல் தடம் விழுந்ததே தவிர மூங்கில் உடையவில்லை. கால்ஃபீக்குப் பொறி தட்டியது. கண்காட்சியில் ஆளை இழுக்க ஒரு வேடிக்கை என்றுதான் 1995 வாக்கில் முதல் வண்டியைக் கட்டினார். ஓட்டிப் பார்த்தால், ரோட்டின் அதிர்வை மூங்கிலே வாங்கிக்கொள்கிறது! வேடிக்கை தொழிலாகிவிட்டது. பிறகு கானாவுக்கே போய்ச் சொல்லியும் கொடுத்தார். 1894லேயே லண்டனில் மூங்கில் சைக்கிள் விற்றிருக்கிறார்கள் என்பது இன்னொரு கூத்து. நூறு வருஷம் தூங்கிய யோசனையை நாய் எழுப்பியிருக்கிறது!

பாதி வேலை காட்டிலேயே முடிந்தது

சரி, ஒரு கழியைக் கையில் எடுங்கள். மரம் இல்லை, புல்! ஒரே பருவத்தில் முழு உயரத்துக்கும் எழும்பிவிடும். அதற்குப் பிறகு நெடுக்கவும் வளராது, பருக்கவும் செய்யாது. நின்ற இடத்திலேயே இறுகும். அதனால் மூன்று நான்கு வயசான கழிக்குத்தான் இங்கே மரியாதை. வெட்டுப்பட்ட இடத்தைப் பாருங்கள்: வெளி ஓரத்தில் நார் நெருக்கமாக, உள்ளே போகப்போக இளக்கமாக. பாரம் அதிகம் விழுகிற வெளிப்புறத்திலேயே பலத்தைக் குவித்து வைத்திருக்கிறது. கணுவுக்குக் கணு ஒரு தடுப்புச் சுவர் வேறு. வளைத்தாலும் குழாய் சப்பையாகாது. எந்த இன்ஜினீயர் வரைந்து கொடுத்தார் இதை!

உலகெங்கும் ஃப்ரேம் கட்டுபவர்கள் விரும்பித் தேடும் வகைகளில் ஒன்றுக்கு ‘இரும்பு மூங்கில்’ என்று பெயர். வேறு யாருமில்லை, நம் காடுகளில் நிற்கும் கல் மூங்கில்தான்!

மூங்கிலுக்கு இரண்டு எதிரிகள். ஒன்று வண்டு. கழிக்குள் இருக்கும் மாவுச்சத்துக்கு ஆசைப்பட்டுத் துளைத்து, உளுத்துப்போக வைத்துவிடும். தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். பட்டறைக்காரர்கள் மருந்தில் ஊறவைத்தோ சூடு காட்டியோ வண்டுக்கு வழியை அடைக்கிறார்கள். இன்னொன்று வெடிப்பு. அவசரப்பட்டு வெயிலில் காயப்போட்டால் நெடுக்குவாட்டில் ‘படார்’! ஆகவே நிழலில், நிதானமாக, வாரக்கணக்கில் காய்கிறது. பொறுமை இல்லாதவருக்கு இங்கே வேலை இல்லை.

இப்போதுதான் வித்தையே!

காய்ந்த கழிகளை அளந்து அறுத்து, நுனியைப் பிறையாகக் குடைந்து, ‘ஜிக்’ என்ற இரும்புச் சட்டத்தில் பொருத்துகிறார்கள். கோணம் ஒரு இம்மி பிசகினாலும் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். முதலில் பசை வைத்து ஒட்டி நிறுத்துகிறார்கள். பெடல் அச்சு சுழலும் கூடு, ஹேண்டில்பார் இறங்கும் கூடு, சீட் கம்பி போகும் உறை, பின்சக்கரம் மாட்டும் கொக்கி ஆகியவை மட்டும் உலோகம்.

இனி மூட்டு. தாவர நாரை எப்பாக்சி பசையில் தோய்த்து, பம்பரத்துக்குச் சாட்டை சுற்றுவது போல இழுத்து இழுத்துச் சுற்றுகிறார்கள். குறுக்கே ஒரு சுற்று, மறுக்கே ஒரு சுற்று, கை முழுக்கப் பிசுபிசுப்பு! இறுகினால் கல். அப்புறம் அரம், அதற்கப்புறம் உப்புத்தாள், கடைசியாக வார்னிஷ். ஒரு ஃப்ரேமுக்கு 80 மணி நேரம் வரை கைவேலை பிடிக்கிறது என்கிறது மை பூ.

கவனித்தீர்களா? குழாயை மண்ணே செய்து கொடுத்துவிட்டது. மனுஷனுக்கு மிச்சம் வைத்தது முடிச்சு மட்டும்! அலுமினியக் குழாய் என்றால் சுரங்கம் வேண்டும், கரண்டை விழுங்கும் உருக்காலை வேண்டும். மூங்கிலோ வெட்டிய தூரிலிருந்தே மறுபடி முளைவிடும். அதற்காக நூற்றுக்கு நூறு பச்சை என்று பீற்ற வேண்டாம்: செயின் இரும்பு, டயர் ரப்பர், எப்பாக்சி லேசில் மக்காது. ஆனால் ஃப்ரேம் என்கிற பெரும் பங்கு ஒரு புல் புதரிலிருந்து வந்துவிடுகிறதே!

‘உடைஞ்சிடாதா?’ அடுத்த கேள்வி இதுதானே? ஐஎஸ்ஓ 4210 என்று உலகம் முழுக்க ஒரு சைக்கிள் சோதனை உண்டு. அதில் பெடல் மிதியைத் தாங்கும் ஒரு பரீட்சையில் மட்டும் ஃப்ரேமை 1,00,000 முறை அழுத்துவார்கள். இரும்போ மூங்கிலோ, சலுகை கிடையாது!

ஜாவாவில் வேறு கைமணம்

இந்தோனேசியாவின் தெமாங்குங்கில் சிங்கி கார்த்தோனோ என்ற வடிவமைப்பாளரின் ‘ஸ்பெடாகி’ பட்டறைக்கு ஓடினால், அங்கே கதை வேறு. பெருமூங்கிலைப் பிளந்து, பட்டைகளைச் சீவி, இரண்டிரண்டாக ஒட்டிக் குழாயாக்குகிறார்கள். 2022 ஜூனில் அந்நாட்டின் அப்போதைய அதிபர் ஜோகோ விடோடோ, ஆஸ்திரேலியப் பிரதமர் அல்பனீசிக்குக் கொடுத்தது இந்தச் சைக்கிளைத்தான். போகோர் மாளிகைத் தோட்டத்தில் இரண்டு தலைவர்களும் மூங்கில் வண்டி மிதித்தார்கள்! ஸ்பெடாகி கூட்டத்தார் கைகொடுத்த கிராமச் சந்தை ஒன்று மூங்கில் தோப்புக்குள்ளேயே கூடுகிறது. அங்கே செல்லும் காசும் மூங்கில் சில்லுதான்!

‘நமக்கெல்லாம் இது வருமா?’ என்று தயங்குகிறவர்கள் லண்டன் பேம்பூ பைசிக்கிள் கிளப்பைப் பார்க்க வேண்டும். கத்தி பிடித்தே பழகாதவர்கள் ஒரு வார இறுதியில் அங்கே வந்து, கழியை அறுத்து, நாரைச் சுற்றி, தாங்களே கட்டிய ஃப்ரேமோடு வீடு திரும்புகிறார்கள். அலுமினியத்தில் இதைச் செய்து காட்டச் சொல்லுங்கள், பார்ப்போம்!